மட்டிக்குலையோடு ஏலம் போன பலகை

ஒரு கையில் பாயச வாளி, மறு கையில் கரண்டி. பந்தியில் நான்காவது இலைக்கு வந்திருந்தேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டது.

“அடுத்ததா ஒரு நல்ல மட்டிக்குலை! கூடவே ஒரு பலகை! பலகைன்னா சும்மா பலகை இல்ல கேட்டியளா, வெளிநாட்டுச் சாமான்! நடுவில ஒரு முதலைப் படம் வேற!”

முதலை என்ற சொல் காதில் விழுந்ததும் என் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

“என்னடே, ஊத்துனா முழுசா ஊத்து” என்றார் இலைக்கு முன்னால் இருந்தவர்.

முதலைப் படம் உள்ள பலகை உலகத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அது என் மகள் ஜெபிஷாவின் அலைச்சறுக்குப் பலகை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அவள் அந்தப் பலகையோடு வர்க்கலைக் கடற்கரையில் போய் நின்று பெயர் பதிய வேண்டும். மறுநாள் காலையில் போட்டி. பலகையோ எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், மட்டி வாழைக்குலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது.

“கேளுங்க, கேளுங்க!” என்றது ஒலிபெருக்கி.

நாங்கள் வயல்காரர்கள்

போன வாரம் என் பூ டெம்போவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை கடிதம் போட்டிருக்கிறது. “மாமா, அந்த டெம்போவில் பூவைத் தவிர வேறு என்னவெல்லாம் ஏற்றியிருக்கிறீர்கள்?” என்று கேள்வி. நியாயமான கேள்வி. பதில்தான் இது.

என் வேலை தோவாளைச் சந்தையில் பூக்கூடைகளை ஏற்றித் திருவனந்தபுரத்தில் இறக்குவது. படிப்பு பத்தாம் வகுப்பு. வீடு தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் கிழக்கே. காற்று வாக்காக அடித்தால் கடல் சத்தம் கேட்கும். ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வாழை, மரச்சீனி, கொஞ்சம் ரப்பர், இவ்வளவுதான் எங்கள் உலகம். வருடத்துக்கு ஒருநாள் போய்க் காலை நனைத்துவிட்டு, வேட்டி நனைந்ததற்கு வருத்தப்பட்டுக்கொண்டு திரும்பி வருவோம்.

ஜெபிஷாவுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். கடற்கரையில் வீடு உள்ள பள்ளித் தோழியோடு போனவள், தலையெல்லாம் மணலோடு வந்து நின்றாள்.

“அப்பா, நான் இன்னிக்கு கடலு மேல நின்னேன்.”

என் மனைவி ரோஸ்லெட் முந்திக்கொண்டாள். “தண்ணி மேல நின்ன கதையெல்லாம் எனக்கும் தெரியும், ஏட்டி. ஞாயித்துக்கிழமை வகுப்பில பைபிள்ல படிச்சதுதான். முங்குன கதையும் தெரியும். போயி குளி.”

கேரளத்திலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் அங்கே பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து அவருடைய பழைய பலகை ஒன்று இவள் கைக்கு வந்தது. ஒருமுறை பாறையில் மோதி உடைந்து ஒட்டுப் போட்ட பலகை. அந்த ஒட்டு பார்ப்பதற்கு முதலை மாதிரி இருந்தது. இவள் அதற்குக் கண்ணும் பல்லும் வரைந்துவிட்டாள். பலகை கொஞ்சம் இடது பக்கம் சாயும். அந்தச் சாய்வு இவளுக்குப் பழகிவிட்டதால் வேறு நல்ல பலகையில் ஏறினால் இரண்டாவது நொடி தண்ணீருக்குள் கிடப்பாள்.

என் டெம்போவில் பூக்கூடைகளுக்கு நடுவே போய்வந்ததில், பலகையைச் சுற்றியிருக்கும் போர்வைக்குப் பிச்சிப்பூ மணம் ஏறிவிட்டது. போட்டிக்கு வரும் மற்றப் பிள்ளைகள், “உங்க போர்டு மட்டும் எப்படி கல்யாண வீடு மாதிரி மணக்குது?” என்று கேட்பார்களாம்.

சபையில் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. “மீனும் பிடிக்கல, குளிக்கவும் செய்யல. பின்ன எதுக்கு அந்தப் பிள்ளை கடலுக்குள்ள போகுது?” ஒரு வருடம் யோசித்தும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பஸ்ஸில் படித்த படிப்பு

ஜெபிஷா இப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். தினமும் காலையில் பஸ் ஏறி வடசேரியில் இறங்க வேண்டும். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். நடுவில், கம்பியைப் பிடிக்காமல், முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நிற்பாள்.

“பிள்ளே, கம்பியப் பிடி!” என்பார் கண்டக்டர்.

“படிக்கேன் அண்ணே.”

“கண்ண மூடிக்கிட்டு என்ன படிப்பு?”

“அடுத்த வளைவு எப்பம் வரும்னு காலுக்குத் தெரியணும். அதான் படிப்பு.”

ஒருநாள் டிரைவர் போட்ட பிரேக்கில் கால் படித்ததெல்லாம் மறந்து, பின்னால் இருந்த ஒரு மீன்கார அம்மாவின் சாளைக் கூடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் இவள் மேசைக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லையாம். “நிம்மதியா சோதனை செஞ்சேன் அப்பா. எல்லா அளவும் சரியா வந்துது” என்றாள்.

“அலையில நிக்கது எளுப்பம். அலைக்கு நம்ம மேல கோவம் கிடையாது. பஸ் டிரைவருக்கு உண்டு.” இதுவும் அவள் சொன்னதுதான்.

இப்படிப்பட்டவள் முதல் வருடத்தில் ஒரு பாடத்தில் தோற்றாள். எந்தப் பாடம் தெரியுமா? அலைகளைப் பற்றிய பாடம்.

முடிவு வந்த அன்று ரோஸ்லெட் சத்தம் போடவில்லை. பலகையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். “அலையில தோத்தவ அலைக்குப் போகண்டாம். பாஸாகிட்டு எடு.” ஆறு மாதம் பலகை பரணில் கிடந்தது. ஜெபிஷா கீழே இருந்து படித்தாள். நடுநடுவே அண்ணாந்து பார்ப்பாள். நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் போட்டிதான் வர்க்கலைப் போட்டி. அதற்கும் தாய் ஒரு நிபந்தனை வைத்தாள். அறுப்பின் பண்டிகை ஆராதனையும் பந்தியும் முடிந்தபிறகுதான் வண்டி எடுக்க வேண்டும்.

என் வலது கை

அறுப்பின் பண்டிகை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவரவர் விளையில், அதாவது தோட்டத்தில், விளைந்ததில் முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவோம். வாழைக்குலை, தேங்காய், சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாப்பழம், கோழி, ஆடு, எல்லாம் ஒரு பந்தலில் வந்து சேரும். ஜெபத்துக்குப் பிறகு ஏலம். பந்தலுக்குள் வைத்ததை யாரும் கையால் திருப்பி எடுக்கக் கூடாது. வேண்டுமென்றால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம்.

இந்த இடத்தில் என் குறையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏலம் என்று கேட்டால் என் வலது கை தானாக மேலே போய்விடும். எனக்குப் பொருள் வேண்டும் என்பதல்ல. எதிராளி இன்னும் கொஞ்சம் ஏறுவாரா என்று பார்க்கும் ஒரு குறும்பு.

பலகை ஏலம் போனதற்கு முந்தின வருடம் ஒரு வெள்ளைக் கோழி வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் திரும்பிய ராஜமணி அதற்கு ஆசைப்பட்டார். நான் கை தூக்கினேன். அவர் ஏறினார். மறுபடியும் தூக்கினேன். ஆட்டு விலை வந்ததும் கையை இறக்கிக்கொண்டேன். சபையே சிரித்தது. ராஜமணி கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கோழிக்கு ஞானதாஸ் என்று பெயர் வைத்தார். ஞானதாஸ் என்பது நான்தான். காலையில் நான் டெம்போவில் போகும்போது அவர் முற்றத்தில் நின்று, “ஞானதாசு, மூதி, தின்னத் தெரியாதா ஒனக்கு?” என்று கோழியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

நிழல் தேடி வைத்த இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை டெம்போவின் பின்னால் பலகையும் எங்கள் விளையில் வெட்டிய மட்டிக்குலையும் இருந்தன. வளைவுகளில் குலை உருண்டு பலகையில் அடிக்குமே என்று, இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். பூக்கூடை கட்டிப் பழகிய கை. என் கட்டு லேசில் அவிழாது.

ஆலயத்துக்கு வந்ததும் ஜெபிஷா நினைவுபடுத்தினாள். “அப்பா, வெயில்ல மட்டும் வைக்காதீங்க.” கால் வழுக்காமல் இருக்கப் பலகைமேல் ஒரு மெழுகு தேய்த்திருப்பார்கள். வெயில் பட்டால் அது உருகி வழிந்துவிடும்.

நான் நிழல் தேடினேன். வளாகத்தில் நிழல் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காணிக்கைப் பந்தல்.

ஓரமாகத்தான் சாய்த்துவைத்தேன். குலையை அவிழ்த்து உள்ளே வைக்க வேண்டும் என்று குனிந்தேன். அதற்குள், “ஞானதாசு, பாயச வாளியப் பிடி!” என்று கூப்பிட்டார்கள். போனேன். பந்தலில் நின்ற தம்பி ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். நன்றாகச் சேர்த்துக் கட்டிய ஒரு காணிக்கை. போர்வையைக் கழற்றினார், எண் எழுதிய சீட்டை முதலையின் நெற்றியில் ஒட்டினார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

தேக்கா, அயனியா?

நான் பாயச வாளியோடு ஓடிவந்தபோது, ஏலம் போடும் செல்லத்துரை அண்ணன் பலகையை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேக்கா, அயனியான்னு தெரியல. ஆனா கனமே இல்ல!”

“அது இஸ்திரி போடுக மேசை அண்ணா. காலு களண்டு போச்சு” என்றார் ஒருவர்.

“பெட்டிக்க மூடியா இருக்கும்” என்றார் இன்னொருவர்.

“எந்தப் பெட்டி?”

“கடைசியா படுக்கப்பட்ட பெட்டிதான்.”

“ஆளு ரொம்ப ஒல்லி போல இருக்கு!”

இதற்குள் ஜெபிஷா ஞாயிறு வகுப்பு அறையிலிருந்து ஓடிவந்தாள். செவ்வாய்க்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டிய செய்முறை நோட்டை அங்கே இருந்து எழுதிக்கொண்டிருந்தவள். பேனா இன்னும் கையில்.

“அண்ணே! அது எனக்க போர்டு!”

செல்லத்துரை அண்ணன் முகம் வருத்தமாகத்தான் இருந்தது. “பந்தலுக்குள்ள வந்துட்டே பிள்ளே. ஒனக்கு ஒண்ணும் எனக்கு ஒண்ணுமா சட்டம் போட முடியுமா? ஏலத்தில எடுத்துக்கோ.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். “அப்பா, கையத் தூக்குங்க! இன்னிக்காவது பிரயோசனமா தூக்குங்க!”

தூக்கினேன். ஒரு தரம், இரண்டு தரம் என்று நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அந்தப் பலகை வேண்டாம். மூன்றாவது தரம் சொல்ல வாயெடுத்த நேரத்தில், கடைசி வரிசையில் ஒரு கை எழும்பியது. ராஜமணி.

நான் ஏறினேன். அவர் ஏறினார். மறுபடி நான், மறுபடி அவர். டீசலுக்காக வைத்திருந்ததையும் தாண்டியபோது என் வலது கை, வாழ்க்கையில் முதல்முறையாக, தானாகக் கீழே இறங்கியது.

“ஏன் கீழ போச்சு? தூக்கும் ஓய்!” என்றார் ராஜமணி. ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“மூணு தரம்!”

ராஜமணி வந்து பலகையைக் கக்கத்தில் இடுக்கினார். கோழியை இடுக்கிய அதே கக்கம். குலை தரையில் இழுபட்டது.

ஜெபிஷா அவர் முன்னால் போய் நின்றாள். “மாமா, அது என்னன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“பின்ன எதுக்கு எடுத்தீங்க?”

“ஒங்கப்பன் கேட்டான். அதான் எடுத்தேன்.”

அவள் அழவில்லை. அது என்ன, எங்கே போக வேண்டும், எத்தனை மாதம் பரணில் கிடந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ராஜமணி பலகையைக் கீழே வைத்துப் பார்த்தார். அடியில் சுறாவின் முதுகில் இருப்பது போன்ற துடுப்புகளைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்க மேல நீ நிப்பியா?”

“நிப்பேன்.”

“கடல்லயா?”

“கடல்லதான்.”

“பதினெட்டு வருசம் கடலுக்குப் பக்கத்திலதான் எனக்குக் கம்பெனி. ஒரு நாளு காலு நனைக்க லீவு கிட்டல.” பலகையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். “ஓசிக்குத் தரமாட்டேன். ஏலத்தில எடுத்ததை ஓசிக்குக் குடுத்தா காணிக்கைக்கு மரியாதை இல்ல. அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு இதே பந்தல்ல வைப்பேன். தெம்பு இருந்தா எடுத்துக்கோ. அதுவரைக்கும் சாமான் எனக்குள்ளது. நீ ஓட்டிக்கோ. ஆனா சாமான் எங்க போகுதோ, நானும் அங்க வருவேன்.”

செல்லத்துரை அண்ணனின் பையிலிருந்த மார்க்கர் பேனாவை வாங்கி, முதலைக்கு மேலே பெரிய எழுத்தில் “இ. ராஜமணி” என்று எழுதினார். மெழுகில் மை ஒட்டாததால் மூன்று முறை எழுத வேண்டியதாயிற்று.

உடைமைக்காரரோடு ஒரு பயணம்

டெம்போவின் முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் ஜெபிஷா, மடியில் செய்முறை நோட்டு. ரோட்டுக் குழிகளில் வண்டி குதிக்க, அவள் நேராகப் போட்ட கோடெல்லாம் வளைந்து வளைந்து போனது.

“கவலப்படாதீங்க அப்பா. வரைய வேண்டியது அலைதான்” என்றாள்.

ராஜமணி வழியெல்லாம் கேள்வி கேட்டார். அலை எங்கே ஆரம்பிக்கும்? விழுந்தால் பலகை மிதந்து போய்விடாதா? காலில் கயிறு கட்டுவாயா? அந்தக் கயிறு அறுந்தால்? கடைசிக் கேள்வி பலகையைப் பற்றிய கவலையா, பிள்ளையைப் பற்றிய கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. என்னைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மற்றப் பிள்ளைகளின் பலகைகளில் பெரிய கம்பெனிகளின் பெயர்கள் பளபளத்தன. பெயர் பதிந்த பெண் ஜெபிஷாவின் பலகையைப் பார்த்துவிட்டு, “ஸ்பான்சர் ராஜமணியா? எந்தக் கம்பெனி?” என்று கேட்டாள்.

“இவருதான்” என்று கை காட்டினாள் ஜெபிஷா. ராஜமணி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் காலை. நான்கு பெண்பிள்ளைகள் ஒன்றாகக் கடலுக்குள் போனார்கள். அலை வந்ததும் மற்ற மூவரும் பாய்ந்தார்கள். இவள் அசையவில்லை.

“ஒரு தரம்” என்று பக்கத்தில் முணுமுணுப்பு. ராஜமணி.

அடுத்த அலையையும் விட்டுவிட்டாள். “ரெண்டு தரம்.”

மூன்றாவதாக ஒன்று வந்தது. முன்னே வந்தவற்றைவிட உயரம். ஜெபிஷா திரும்பினாள், இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள், எழுந்தாள். வடசேரி பஸ்ஸில் நிற்பது போலவே, முழங்காலை மடக்கி, எதையும் பிடிக்காமல். பலகை இடது பக்கம் சாய்ந்தது, அவளும் அதோடு சாய்ந்தாள், கரைவரைக்கும் வந்துவிட்டாள்.

“மூணு தரம்!” என்று ராஜமணி போட்ட சத்தத்தில், மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாவது சுற்றில் விழுந்துவிட்டாள். ராஜமணி மட்டிப்பழத்தைச் சீப்புச் சீப்பாகப் பிய்த்து, ஜெயித்த பிள்ளைகளுக்கும் தோற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், முட்டளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றார்.

திரும்பி வரும்போது ஜெபிஷா சொன்னாள். “அந்த முதல் ரெண்டு அலைய விட்டதுதான் அப்பா நான் செஞ்சதில நல்ல காரியம். போன வருசம் பரீட்சையில முதல் கேள்வியப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். பின்னால வந்த நல்ல கேள்வியெல்லாம் போயிட்டு.”

பிள்ளைகளே, சபையில் கேட்டார்களே, எதற்குக் கடலுக்குள் போகிறாள் என்று. இப்போது கேட்டால் ஒரு பாதிப் பதிலாவது என்னிடம் இருக்கிறது.

மறுபடியும் பந்தல்

ஒரு வருடம் முழுவதும் சனிக்கிழமை தோறும் ராஜமணி ஸ்கூட்டரில் வந்து பலகையைப் பார்வையிட்டார். புதிதாகக் கீறல் விழுந்திருந்தால் விசாரணை. இரண்டு முறை கடற்கரைக்குப் போய், பலகைமேல் குப்புறப் படுக்க மட்டும் கற்றுக்கொண்டார். எழும்பி நிற்கச் சொன்னால், “சாமானுக்குக் கேடு வந்துரும்” என்பார்.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகை வந்தது. சொன்ன சொல் மாறாமல் பலகையைக் கொண்டுவந்து பந்தலில் வைத்தார். தன் விளையில் வெட்டிய மட்டிக்குலை ஒன்றையும் அதோடு கட்டியிருந்தார். அடுத்த வாரம் சென்னைப் பக்கம் ஜெபிஷாவுக்குப் போட்டி. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள். அதற்குமேல் ஒரு ரூபாய் ஏறினாலும் பலகை போய்விடும்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. யாரும் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று. எல்லாரையும் நம்பலாம். ஒருவரைத் தவிர.

“அப்பா, நீங்க பந்தியிலயே நில்லுங்க” என்றாள் காலையிலேயே. “ரெண்டு கையிலயும் சாமான் இருக்கட்டும்.”

நின்றேன், பிள்ளைகளே. உண்மையாகவே நின்றேன். ஆனால், “அடுத்ததா ஒரு மட்டிக்குலை, கூடவே நம்ம முதலை!” என்று கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டேன். மகளின் பலகை ஏலம் போகும்போது பாயசம் ஊற்றிக்கொண்டிருக்க முடியுமா?

ஜெபிஷா கை தூக்கித் தொகையைச் சொன்னாள். செல்லத்துரை அண்ணன் பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரு தரம்!”

ஊருக்குப் புதிதாக வந்த மருமகன் ஒருவர், விவரம் தெரியாமல் கையை எடுக்கப் போனார். அவர் மனைவி அதைப் பிடித்து மடியில் அமுக்கினாள்.

“ரெண்டு தரம்!”

தோளில் அந்தப் பழைய அரிப்பு. வேண்டாம், வேண்டாம் என்று மனது சொல்கிறது. வலது கையோ கிளம்பிவிட்டது. ஆனால் மேலே வரவில்லை. பார்த்தேன். பக்கத்தில் ராஜமணி, என் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெபத்தில் நிற்பவர் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு தரம்!”

சபை கைதட்டியது. ஜெபிஷா பலகையை வாங்கி, முதலையின் நெற்றியில் இருந்த சீட்டைப் பிய்த்தாள். ராஜமணியின் பெயரை அழிக்க வேண்டாம் என்று செல்லத்துரை அண்ணனிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“கைய விடும் ஓய்” என்றேன்.

“இரும்” என்றார் ராஜமணி. “அடுத்தது கோழி வருது.”